கெல்லர் கதவின் இரண்டு பக்கம்

கடந்த வியாழக்கிழமை மத்தியானம் ஒரு மணிக்கு நான் எங்கே இருந்தேன் தெரியுமா?

நிலவறைக்குள்ளே. ஈரம் காயாத ஒரு பெட்ஷீட்டுக்குப் பின்னால். குந்திக்கொண்டு, இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு.

சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள். போன கிழமை பத்திரிகையின் இதே பக்கத்தில், ட்ராமில் என்னை முறைத்துப் பார்த்த ஒருவனை நான் திருப்பி முறைத்த கதையை எழுதியிருந்தேன். "அக்கா, நீங்கள் சரியான துணிச்சல்காரி" என்று இரண்டு பேர் போன் எடுத்துப் பாராட்டினார்கள். ட்ராமில் வெளிச்சம் இருக்கிறது. நாலு சனம் இருக்கிறது. அங்கே யாரும் முறைக்கலாம்.

நிலவறையில் யார் இருக்கிறார்கள்?

எங்கள் கட்டடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். டோர்ட்முண்டின் ஓரத்தில் வரிசையாக நிற்கும் பத்து மாடிக் கட்டடங்களில் ஒன்று. ஜெர்மன்காரர், துருக்கிக்காரர், போலந்துக்காரர், கூடவே நாங்கள் நாலு தமிழ்க் குடும்பம். வீட்டுக்குள் வொஷிங் மெஷின் வைக்க இங்கே அனுமதி இல்லை. தண்ணீர் ஒழுகிக் கீழ்வீட்டுக்காரன் நனைந்துவிடுவானாம். அதனால் பத்து மாடிச் சனமும் கூடையைத் தூக்கிக்கொண்டு நிலவறைக்குத்தான் இறங்க வேண்டும். நிலவறை என்று யாரும் சொல்வதில்லை. தமிழர், துருக்கியர், எல்லோருக்கும் அது கெல்லர்.

லிப்டை விட்டு இறங்கினால் இரண்டு பக்கமும் சுவர் வைத்த நீளமான ஓர் ஓடை, நடைபாதை மாதிரி. அதன் முடிவில் ஓர் இரும்புக் கதவு. உள்ளே மெஷின்கள் இருக்கும் அறை. அதற்கும் உள்ளே, கயிறு கட்டி உடுப்புக் காயப்போடும் அறை. வெளியே போகவும் உள்ளே வரவும் இந்த ஒரு கதவுதான்.

ஒவ்வொரு வீட்டுக்கும் அரை நாள் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். வியாழன் காலை எங்களுடையது. இந்த நாட்டில் எனக்கென்று எழுதிக் கொடுத்த ஒரே சொத்து அந்த வியாழன் காலைதான்.

சட்டங்கள் நிறைய. ஞாயிற்றுக்கிழமை தோய்க்கக் கூடாது. பின்னேரம் பிந்தித் தோய்க்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பெரிய சட்டம் — மத்தியான ஓய்வு நேரம். ஒரு மணியிலிருந்து மூன்று மணிவரை இந்தக் கட்டடத்தில் யாரும் சத்தம் போடக் கூடாது. ஆணி அடிக்கக் கூடாது. தூசு உறிஞ்சும் மெஷின் ஓடக் கூடாது. பிள்ளை குதிக்கக் கூடாது. ஒரு மணி ஆனதும் கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் ஹவுஸ்மைஸ்டர் வந்து அந்த இரும்புக் கதவைப் பூட்டிவிடுவார். மூன்று மணிக்குத் திறப்பார். திறப்பு, அதுதான் சாவி, அவரிடம் மட்டும்தான். முந்தி வீட்டுக்கு வீடு கைமாறிக்கொண்டிருந்ததாம். யாரோ தொலைத்துவிட்டார்கள். அன்றிலிருந்து எல்லோருக்கும் தண்டனை.

சரி, இதெல்லாம் பழகிப்போன விஷயம். பழகாத விஷயம் வேறு.

கோடை முடிகிற நேரம் அந்த ஓடைச் சுவரில் யாரோ கூரான எதனாலோ கீறி வைத்திருந்தான். வெளிநாட்டுக்காரரே வெளியே போங்கள் என்று. பெரிய எழுத்து. ஹவுஸ்மைஸ்டர் கெட்ட மனிதர் இல்லை. அடுத்த நாளே வெள்ளை அடித்தார். ஆனால் ஒரு பூச்சுத்தான் அடித்தார். லைற்றைப் போட்டுவிட்டுப் பக்கவாட்டில் நின்று பார்த்தால் அடியில் இருக்கிற எழுத்து முழுவதும் தெரியும். கீறினவன் யார்? வெளியிலிருந்து வந்தவனா, இல்லை லிப்டில் எனக்குக் காலை வணக்கம் சொல்கிறவனா? யாருக்குத் தெரியும்?

வெளிநாட்டுக்காரர் இருக்கிற வீடுகளுக்கு நெருப்பு வைக்கிற செய்தியை நீங்களும்தான் டிவியில் பார்க்கிறீர்கள். உங்கள் வீட்டில் என்ன செய்கிறீர்களோ தெரியாது. எங்கள் வீட்டில் இவர் — என் கணவரைத்தான் சொல்கிறேன் — ஒரு நைலோன் கயிறு வாங்கிக் கட்டிலுக்குக் கீழே சுருட்டி வைத்திருக்கிறார். நாங்கள் இருப்பது ஏழாம் மாடி. கயிறு மூன்றாம் மாடிவரைதான் எட்டும்.

"மிச்சத்துக்கு என்னப்பா செய்யிறது?" என்று கேட்டேன்.

"மிச்சத்தை அப்ப பாப்பம்" என்றார்.

ஆறாம் மாடியில் மலர் அக்கா இருக்கிறார். மன்னார்ப் பக்கம், வேதக்காரர். அவரும் நானும் சோடியாகத்தான் கெல்லருக்குப் போவோம். லிப்ட் கதவு திறந்ததும் அவர் ஜெபம் சொல்லத் தொடங்கிவிடுவார். மூன்று முறை சொல்லி முடிய இரும்புக் கதவு வந்துவிடும் என்பது அவருடைய கணக்கு.

"நீயும் வாயை வைச்சுக்கொண்டு சும்மா வராதை. ஒரு தேவாரத்தைச் சொல்லு" என்பார்.

"தேவாரம் நீளம் அக்கா. முடியிறதுக்குள்ளை ஆரும் வந்திடுவாங்கள்."

"அப்ப என்ரையைச் சொல்லு. கடவுள் கோவிக்க மாட்டார்."

கடந்த வியாழன் அக்காவுக்கு டொக்டரிடம் போக இருந்தது. நான் தனியே போனேன். காலையில் தோய்த்துக் காயப்போட்டதை ஒரு மணிக்கு முந்தி எடுத்துவிட வேண்டும். எடுக்காவிட்டால் மூன்று மணிவரை பூட்டு. அதற்குப் பிறகு கயிறு வேறொருத்தியுடையது. நம்முடையதைச் சுருட்டி நிலத்தில் வைத்துவிடுவாள்.

இன்னொரு அவசரமும் இருந்தது. அதைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். இவர் பல வருடம் உணவகங்களில் கோப்பை கழுவியவர். இப்போதுதான் ஒழுங்கான ஒரு வேலை, பெட்டிகள் ஏற்றி இறக்குகிற ஒரு கம்பனியில் கிடைத்திருக்கிறது. இன்னும் சோதனைக் காலம் முடியவில்லை. அதற்குள் ஒரு சின்னப் பிழை விட்டாலும் போ என்று சொல்லிவிடலாம். வேலை போனால் விசா நீடிக்கப் போகும்போது எதைக் காட்டுவது? அன்றைக்கு அவருக்குப் பின்னேர வேலை. ஒன்றேகாலுக்கு வீட்டை விட்டு இறங்கினால்தான் நேரத்துக்குப் போகலாம். மகளுக்கு நாலு வயது. அவளைத் தனியே விட்டுவிட்டு அவர் போக முடியாது. ஆக நான் ஒன்றேகாலுக்குள் மேலே நிற்க வேண்டும்.

நேரம் இருந்தது. நான் அவசரக்காரியும் இல்லை, சோம்பேறியும் இல்லை. இதை எழுதிவைக்கிறேன். பிறகு யாரும் என்னைச் சொல்லக் கூடாது.

காயப்போடும் அறைக்குள் நின்று பெட்ஷீட்டின் முதல் கிளிப்பைக் கழற்றுகிறேன். லைற் நின்றது.

இந்த நாட்டு கெல்லர் லைற்றைத் தெரியும்தானே? அமத்தினால் கொஞ்ச நேரம் எரியும். பிறகு தானாக நின்றுவிடும். கரண்டை மிச்சம் பிடிக்கிறார்களாம். சுவிச்சில் மட்டும் சின்னதாக ஒரு செம்மஞ்சள் புள்ளி மினுங்கிக்கொண்டிருக்கும். அந்தப் புள்ளியும் மெஷின் அறையில், கதவுக்குப் பக்கத்தில்தான். அன்றைக்கு வெளியே மழை இருட்டு. மேலே இருக்கிற கம்பி போட்ட சின்ன ஜன்னலால் சாம்பல் நிறத்தில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. அவ்வளவுதான்.

சுவிச்சைத் தேடி நடக்கப் போனேன்.

ஓடையில் சப்பாத்துச் சத்தம் கேட்டது.

பாரமான சப்பாத்து. வேகமில்லை. ஒவ்வோர் அடியாக வைத்து வைத்து வருகிற சத்தம். நான் என்ன செய்தேன்? யோசிக்கவே இல்லை. கால் தானாக மடிந்தது. பெட்ஷீட்டுக்குப் பின்னால் குந்திவிட்டேன். கை தானாக வாய்க்குப் போனது.

இரும்புக் கதவு திறந்தது. ஓர் ஆண் குரல், கரகரத்த குரல், ஜெர்மனில் கேட்டது.

"யாராவது உள்ளே இருக்கிறீர்களா?"

இந்தக் கேள்வியைச் சப்பாத்துக் காலோடு வந்து ஒருவன் கேட்டால் பதில் சொல்லக் கூடாது என்று எங்களுக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தரவில்லை. யாழ்ப்பாணத்தில் இருந்த யாருக்கும் அதைச் சொல்லித் தரத் தேவையில்லை. கேள்வி சிங்களத்தில் வந்தாலும், ஹிந்தியில் வந்தாலும், ஜெர்மனில் வந்தாலும் உடம்புக்கு ஒரே பாஷைதான். மூச்சை அடக்கு.

அடக்கினேன்.

கதவு சாத்துப்பட்டது. திறப்பு திரும்பியது. சப்பாத்து போய்விட்டது.

அதற்குப் பிறகுதான் மண்டை வேலை செய்தது. அட, ஹவுஸ்மைஸ்டர். ஒரு மணிப் பூட்டு. எழும்பிப் போய்க் கதவின் கைபிடியை அமத்தினேன். அமந்தது. கதவு அசையவில்லை.

இப்போது உங்களைக் கேட்கிறேன். இந்த இடத்தில் நீங்கள் என்றால் என்ன செய்வீர்கள்? கதவில் அடித்துக் கத்துவீர்கள். எனக்கும் அது தெரியும். வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை.

ஹவுஸ்மைஸ்டர் போய்விட்டார். அவர் காதுக்கு எட்டாது. பிறகு யாருடைய காதுக்கு எட்டும்? அந்தச் சுவரைக் கீறினவனுடைய காதுக்கா? கறுத்தப் பொம்பிளை ஒருத்தி, தனியே, பூட்டின அறைக்குள்ளே நிற்கிறாள் என்று நானே கத்தி அறிவிக்கவா? சுவிச்சைத் தொட்டேன். அதையும் அமத்தவில்லை. கதவுக்குக் கீழே இடைவெளி இருக்கிறது. வெளிச்சம் வெளியே தெரியும்.

இருட்டில் நின்றுகொண்டு மேலே நடப்பதை நினைத்துப் பார்த்தேன். இவர் மணிக்கூட்டைப் பார்ப்பார். மகளைப் பார்ப்பார். திரும்பவும் மணிக்கூட்டைப் பார்ப்பார். ஒன்றேகால் ஆகும். போவாரா, நிற்பாரா? போனால் பிள்ளை தனியே. நின்றால் வேலை இல்லை. மூன்று மணிவரை நான் இங்கே கிடந்தால் இரண்டில் ஒன்று நடந்தே தீரும்.

அப்போது மறுபடியும் சப்பாத்துச் சத்தம்.

இது வேறு. முந்திக் கேட்டதைவிடப் பாரம். இரும்பு வைத்த சப்பாத்து நிலத்தில் படுகிற மாதிரி. ஹவுஸ்மைஸ்டர் இப்போதுதானே வந்து போனார், இது யார்? சத்தம் நேரே கதவுக்கு வந்து நின்றது.

ஒரு குரலும் இல்லை.

ஹவுஸ்மைஸ்டர் என்றால் பேசுவார். பெண்கள் என்றால் சிரிப்பார்கள், கூடையை வைப்பார்கள். இது பேசவில்லை. நான் கதவுக்கு இந்தப் பக்கம், இரும்பில் காது முட்டும் தூரத்தில் நிற்கிறேன். அந்தப் பக்கம் யாரோ மூச்சு விடுகிறது கேட்கிறது. கைபிடி மெதுவாகக் கீழே இறங்கியது. என் கண்ணுக்கு முன்னால், அந்தச் செம்மஞ்சள் புள்ளியின் வெளிச்சத்தில், கீழே இறங்கி அப்படியே நின்றது. பிறகு மெதுவாக, சத்தம் வராமல், மேலே போனது.

என் வாழ்க்கையில் ஷெல்லுக்குப் பயந்திருக்கிறேன். ஹெலிக்குப் பயந்திருக்கிறேன். பிளேனில் போலிப் பாஸ்போட்டோடு இருந்தபோது பயந்திருக்கிறேன். அந்தக் கைபிடிக்குப் பயந்ததுபோல் எதற்கும் பயந்ததில்லை. ஷெல்லுக்கு என்னைத் தெரியாது. இதற்குத் தெரியும் என்று நினைத்தேன்.

சப்பாத்து திரும்பிப் போனது. போகும்போது வேகமாகப் போனது. பெற்றோல் எடுத்துவரப் போகிறானோ? ஆட்களைக் கூட்டிவரப் போகிறானோ? இந்த அறைக்கு வேறு வாசல் இல்லை.

அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. பயம் ஒரு அளவுக்கு மேலே போனால் எனக்குக் கோபம் வரும். நல்ல பழக்கமோ கெட்ட பழக்கமோ தெரியாது. நான் ஏன் இங்கே சாக வேண்டும்? வியாழக்கிழமை என்னுடைய நாள். உடுப்பு என்னுடையது. எடுக்க வந்தேன். அதற்கா?

யோசித்தேன். இந்தக் கட்டடத்தில் உதவி என்று கத்தினால் யார் வருவார்கள்? ஒருவரும் வர மாட்டார்கள். அவரவர் கதவைப் பூட்டிக்கொள்வார்கள். எங்கள் ஆட்கள் முதலில் பூட்டுவார்கள்.

எதற்கு வருவார்கள்?

எனக்குப் பதில் தெரிந்திருந்தது. மெஷின் அறைக்கு நேர் மேலே, கீழ்மாடியில், ஹென்னிங் என்றொரு வயதான பெண் இருக்கிறார். எங்கள் மகள் ஒரு நாள் ஓய்வு நேரத்தில் அவருடைய ஜன்னலுக்குக் கீழே பந்து தட்டியதற்கு ஏழாம் மாடிவரை ஏறிவந்து அறிவுரை சொன்னவர். தாயின் பெயரை மறந்தாலும் ஓய்வு நேரத்தை மறக்காதவர்.

மூலையில் உடுப்பைச் சுழற்றிப் பிழிகிற ஒரு பழைய மெஷின் நின்றது. பீப்பாய் மாதிரி இருக்கும். துணியைச் சமமாகப் பரப்பிப் போட வேண்டும். ஒரு பக்கமாகத் திணித்தால் அது நிலத்தில் குதிக்கும். வந்த புதிதில் எனக்கு அது தெரியாமல் குதிக்கவிட்டு ஏச்சு வாங்கியிருக்கிறேன். இப்போது தெரிந்தே செய்தேன். பெட்ஷீட்டைக் கயிற்றிலிருந்து இழுத்து, முறுக்கி, பீப்பாயின் ஒரு பக்கத்தில் முழுவதையும் திணித்தேன். மேலே இவருடைய ஜீன்ஸ் இரண்டையும் வைத்து அமத்தினேன்.

மெஷினின் சுவிச்சில் கையை வைத்துக்கொண்டு ஒரு கணம் நின்றேன். சப்பாத்துக்காரன் இன்னும் ஓடையில் நின்றால்? நிற்கட்டும். ஹென்னிங் அம்மா வரும்போது அவனும் நிற்கட்டும்.

போட்டேன்.

அந்தச் சத்தத்தை நான் எப்படிச் சொல்ல? ரோதை கழன்ற லொறி கல் றோட்டில் ஓடுகிற சத்தம். மெஷின் குதித்துக் குதித்து சுவரில் இடித்தது. நிலம் ஆடியது. கொஞ்ச நேரம்தான். மேலேயிருந்து தண்ணீர்க் குழாயில் தட்டுகிற சத்தம் கேட்டது. டங், டங், டங். கோபத்தில் தட்டுகிற தட்டு. எனக்குக் கோயில் மணி மாதிரி இருந்தது. நான் மெஷினை நிற்பாட்டவில்லை.

குழாய்த் தட்டு நின்றது. பிறகு ஓடையில் ஓடிவருகிற சத்தம், திறப்புச் சத்தம், கதவு, லைற். வாயில் எதையோ மென்றுகொண்டே ஹவுஸ்மைஸ்டர் நின்றார். பின்னால் வீட்டுச் செருப்போடு ஹென்னிங் அம்மா.

"இது ஓய்வு நேரம்" என்றார் ஹவுஸ்மைஸ்டர். "தோய்க்க அனுமதி இல்லை என்று உங்களுக்குத் தெரியாதா?"

நான் மெஷினை நிற்பாட்டினேன். எனக்குத் தெரிந்த ஜெர்மன் முழுவதையும் எடுத்து அவர் தலையில் கொட்டினேன். வேற்றுமை உருபும் இல்லை, காலமும் இல்லை. நீ பூட்டு. நான் உள்ளே. என் பிள்ளை மேலே. என் மனுசன் வேலை. நீ பூட்டு.

அவர் வாயில் இருந்ததை விழுங்கினார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"நான் கேட்டேனே. யாராவது இருக்கிறீர்களா என்று கேட்டுவிட்டுத்தான் பூட்டினேன். நீங்கள் ஏன் பதில் சொல்லவில்லை?"

அவர் நேர்மையாகத்தான் கேட்டார். அந்த மனிதருக்கு உண்மையிலேயே விளங்கவில்லை. இதற்கு ஜெர்மனில் என்ன பதில் சொல்வது? தமிழில் என்றால் மட்டும் என்ன சொல்லியிருப்பேன்? கூடையைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். ஹென்னிங் அம்மா ஒதுங்கி வழிவிட்டார். "பாவம், முகம் வெளுத்துப்போயிருக்கிறது" என்று அவர் ஹவுஸ்மைஸ்டரிடம் சொன்னது கேட்டது. என் முகம் வெளுத்ததாம். அதையும் ஒருத்தி கண்டுபிடித்துவிட்டாள்.

மேலே வந்து வீட்டு மணியை அடித்தேன். சத்தமில்லை. தட்டினேன். சத்தமில்லை. என்னிடமிருந்த திறப்பைப் போட்டுத் திருப்பினால் கதவு இரண்டு விரல் அளவு திறந்து நின்றது. உள்ளே சங்கிலி. சங்கிலிக்குப் பின்னால் எங்கள் சோபா.

"ஆர்?" என்றது உள்ளேயிருந்து ஒரு குரல்.

"ஆரோ? தமிழிலை கதைக்கிறது ஹவுஸ்மைஸ்டரே? நான்தானப்பா, திறவுங்கோ."

"நான் கேட்டாப் பிறகுதானே நீர் கதைச்சனீர்? எனக்கெப்பிடித் தெரியும்?"

சோபா நகர்ந்தது. இவர் வேலை உடுப்போடு நின்றார். காலில் வேலைக்குப் போடுகிற, முன்னால் இரும்பு வைத்த சப்பாத்து. கையில் இறைச்சி வெட்டுகிற கத்தி. முகத்தில் இரத்தமே இல்லை.

"பிள்ளை எங்கை?"

குளியலறையில் இருந்தாள். வெறும் குளியல் தொட்டிக்குள், தலையில் நனைத்த துவாயைப் போட்டுக்கொண்டு பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள்.

"இவ ஏன் இதுக்குள்ளை இருக்கிறா?"

"நெருப்பு வைச்சாலும் எண்டு" என்றார். "நீர் எங்கை போனனீர்? நான் கீழை வந்து பாத்தனான். கதவு பூட்டிக் கிடந்தது."

நான் அவருடைய காலைப் பார்த்தேன்.

"நீங்களோ வந்தது? கைபிடியை அமத்தினது நீங்களோ?"

"ஓம். பிள்ளையையும் தூக்கிக்கொண்டு வந்தனான். உள்ளுக்கை ஆரோ நிண்டவன். மூச்சு விடுற சத்தம் எனக்கு வடிவாக் கேட்டது."

"அது நான்."

"நீரோ?"

"நான்தான். ஏன் நீங்கள் கூப்பிடேல்லை?"

"நீர் ஏன் கதைக்கேல்லை?"

"முதல் நீங்கள் சொல்லுங்கோ."

"கூப்பிட்டா நான் நிக்கிறது அவங்களுக்குத் தெரிஞ்சிடுமெல்லோ. பிள்ளையின்ரை வாயைப் பொத்திக்கொண்டெல்லோ நிண்டனான்."

"எவங்களுக்கு?"

"அவங்களுக்குத்தான்."

ஒரு கதவு. இந்தப் பக்கம் நான் வாயைப் பொத்திக்கொண்டு. அந்தப் பக்கம் இவர் பிள்ளையின் வாயைப் பொத்திக்கொண்டு. நடுவில் ஒருவரும் இல்லை. கெல்லர் முழுவதும் எங்கள் குடும்பம் மட்டும்தான் நின்றிருக்கிறது.

"பொலிசுக்கு அடிச்சிருக்கலாமே?"

"பொலிஸ் வந்தா முதல் விசாவைத்தான் கேப்பான்."

"ஹவுஸ்மைஸ்டரின்ரை மணியை அடிச்சிருக்கலாமே?"

"ஓய்வு நேரத்திலை அடிக்கக் கூடாதெண்டு அந்தாள் கதவிலை எழுதி ஒட்டியிருக்குது."

கூடையை நிலத்தில் போட்டேன். சுவரில் மணிக்கூடு இரண்டைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"வேலை?" என்றேன்.

"நீர் இல்லாமல் என்னெண்டு போறது?" என்றார்.

கத்தியைப் பறித்தேன். அவரை வாசலுக்கு வெளியே தள்ளினேன். "ஓடுங்கோ. நடந்ததை அப்பிடியே சொல்லுங்கோ" என்றேன். ஓடினார்.

ஓடினால் மட்டும் காணுமா? சோதனைக் காலம். பிந்திப் போகிறவனுக்கு அங்கே என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு திரும்பக் கீழே போனேன். ஹவுஸ்மைஸ்டரின் மணியை அடித்தேன். ஓய்வு நேரத்தில்தான் அடித்தேன். நீளமாக அடித்தேன். கையில் கரண்டியோடு திறந்தார். கம்பனியின் நம்பர் எழுதிய துண்டை அவரிடம் நீட்டினேன்.

"என் கணவருக்கு வேலை போனால் அது உங்களால்" என்றேன். "நீங்களே பேசுங்கள்."

பேசினார். மறுக்கவில்லை, அதைச் சொல்ல வேண்டும். போனில் அங்கே இருந்த போர்மனுக்கு அவர் என்னைப் பற்றி அதிகம் சொல்லவில்லை. பிள்ளையைப் பற்றிச் சொல்லவில்லை. ஓய்வு நேரத்தைப் பற்றித்தான் சொன்னார். ஒரு மணிக்குப் பூட்ட வேண்டும், விதி அப்படி, பூட்டினேன், பெண் உள்ளே இருந்தார். அந்தப் பக்கம் போர்மன் ஏதோ கேட்டான். "ஆமாம், மூன்று மணிவரை" என்றார் ஹவுஸ்மைஸ்டர். இரண்டு பேருக்கும் விஷயம் விளங்கிவிட்டது. போனை வைத்துவிட்டு, "ஒழுங்காகிவிட்டது" என்றார்.

எனக்கு உயிர் வந்தது. வந்த உயிர் எவ்வளவு நேரம் நின்றது என்கிறீர்கள்?

இவர் மூச்சு வாங்க வாங்க வேலைக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறார். ஏன் பிந்தினாய் என்று போர்மன் கேட்டிருக்கிறான். இவர் சொன்ன பதில் — "ட்ராம் பிந்திவிட்டது."

போர்மன் இவரையே பார்த்தானாம். "உன் மனைவி நிலவறையில் பூட்டுப்பட்டாள் என்றல்லவா போன் வந்தது?" என்றானாம்.

மறுநாள் காலைதான் இதை எனக்குச் சொன்னார். வேலை போகவில்லை. ஆனால், "இன்னொரு தடவை எனக்குப் பொய் சொன்னால் வர வேண்டாம்" என்று விரலை நீட்டிச் சொல்லியிருக்கிறான். ஆக, பிந்தினதை மன்னித்துவிட்டார்கள். பொய்யைக் குறித்துவைத்துவிட்டார்கள்.

"ஏனப்பா உள்ளதைச் சொல்லேல்லை? சொல்லச் சொல்லித்தானே விட்டனான்?"

"கெல்லர், பூட்டு எண்டு சொன்னா, ஏன் எதுக்கெண்டு விசாரிப்பாங்கள். பிறகு ஹவுஸ்மைஸ்டரிலை பிழை எண்டு வரும். அந்தாள் எங்களிலை கோவிச்சு வீட்டை விட்டு எழுப்பினா?"

பாருங்கள், பயம் எப்படி வேலை செய்கிறதென்று. பயந்த சனத்துக்கு உண்மையும் ஓர் ஆபத்தான சாமான். கையில் வைத்துக்கொண்டு எங்கே போடுவதென்று தெரியாமல் முழிக்கிறோம். சுவரில் கீறினவன் இன்றுவரைக்கும் எங்களை ஒன்றும் செய்யவில்லை. அவன் ஒரு வரியைக் கீறிவிட்டுப் போய்விட்டான். மிச்ச வேலை முழுவதையும் நாங்களே எங்களுக்குச் செய்துகொண்டிருக்கிறோம். அவனுக்கு இதைவிட மலிவாக யார் வேலை செய்து கொடுப்பார்கள்?

இதை எழுதும்போது எனக்கு அவனில் வருகிற கோபத்தைவிட எங்களில் வருகிற கோபம் கூட. ஆனால் ஒன்று. கோபம் வந்ததால் பயம் போய்விட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். இந்த வியாழனும் நான் கீழே போக வேண்டும்.

வெள்ளிக்கிழமையே மலர் அக்காவிடம் நடந்ததைச் சொன்னேன். சிரித்துச் சிரித்து அவருக்கு இருமல் வந்துவிட்டது.

"எடியே, மனுசன்ரை மூச்சுக் கூட உனக்குத் தெரியேல்லையோ? என்ன குடும்பமடி நடத்திறியள்?"

"உங்கடை மனுசன் வந்து நிண்டா உங்களுக்குத் தெரியுமோ அக்கா?"

"என்ரை ஆள் குறட்டை விட்டாத்தான் எனக்குத் தெரியும்" என்றார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. "மெய்யாத்தான் கேக்கிறன். கதவுக்கு வெளியிலை நிண்டு அந்தாள் உன்னை என்னெண்டு கூப்பிட்டிருக்கும்?"

அந்தக் கேள்வி எனக்குள் நின்றுவிட்டது. அடுத்த நாள், சனிக்கிழமை, தேத்தண்ணீர் குடிக்கும்போது இவரிடம் கேட்டேன்.

"என்னெண்டு கூப்பிட்டிருப்பீங்கள்?"

"இஞ்சாரும் எண்டு. வேறை என்னெண்டு?"

எங்கள் வீட்டில் அதுதான் வழக்கம். இவருக்கு நான் இஞ்சாரும். எனக்கு இவர் என்னப்பா. யாழ்ப்பாணத்தில் பாதி வீடுகளில் அப்படித்தான்.

"அது காணாது" என்றேன். "அப்பிடி ஆரும் கூப்பிடலாம். இனிமேல் கதவு பூட்டிக் கிடந்தா என்ரை பேரைச் சொல்லிக் கூப்பிடுங்கோ. நானும் உங்கடை பேரைச் சொல்லிப் பதில் சொல்லுவன். ஆர் கேட்டாலும் கேக்கட்டும்."

"இப்ப என்னத்துக்கு?"

"இப்ப சொல்லிப் பழகாட்டி அங்கை வராது. எனக்கு வாயே வரேல்லை, தெரியுமோ? சொல்லுங்கோ."

இவர் கோப்பையைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். எழும்பிப் போய் ஜன்னலைச் சாத்தினார். திரும்பி வந்து உட்கார்ந்து, மெதுவாக, என் பெயரைச் சொன்னார்.

ஏழாம் மாடி. ஜன்னலுக்கு வெளியே யார் நிற்கப் போகிறார்கள்?